அந்தி மணியும் வீட்டுச் செபமும்

மாலை ஆறு மணிக்குக் கோவில்பிள்ளை கயிற்றைப் பற்றி மும்மூன்றாக மணியடிக்கும்போது, கடையில் தராசு பிடித்திருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை வரைந்துகொள்வதும், குடத்தோடு வந்துகொண்டிருந்த பெண் வழியிலேயே நின்று உதடு அசைய முணுமுணுப்பதும், விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் பந்தைக் கையில் பிடித்தபடி ஒரு நிமிஷம் அசையாமல் நிற்பதும், நம் கத்தோலிக்க ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பழகிய காட்சிகளே. காலை, நண்பகல், அந்தி என்னும் மூன்று வேளைகளிலும், தேவதூதர் கன்னி மரியாயிக்கு மங்கள வார்த்தை சொன்னதையும் தேவசுதன் மனுஷாவதாரம் எடுத்ததையும் நினைப்பூட்டும் அந்தத் திரிகால மணிக்கு, அந்தி வேளையில் மட்டும் இன்னொரு பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. விளக்கேற்றுங்கள், பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், செபமாலையைக் கையில் எடுங்கள் என்று அது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வந்து சொல்கிறது. அந்த அழைப்புக்கு ஒரு குடும்பம் எவ்வாறு நாள் தவறாமல் செவிகொடுக்கலாம் என்பதை இந்த அதிகாரத்தில் ஆராய்வோம்.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலும், அன்பியக் கூட்டங்களிலும், துக்க வீடுகளிலும் பல வருஷங்கள் பழகியதில் நான் கண்டறிந்த உண்மை ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்ப செபம் நின்றுபோன வீடுகளில் பெரும்பாலானவை விசுவாசம் தளர்ந்த வீடுகள் அல்ல. அங்கே செபத்துக்கு நேரம் குறிக்கப்படவில்லை, யார் எதைச் சொல்வது என்று பங்கும் பிரிக்கப்படவில்லை, அவ்வளவுதான். இவ்விரண்டும் அமைந்த வீட்டில், பக்தியில் உருக்கம் இல்லாத நாட்களிலுங்கூடச் செபம் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். உருக்கம் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். இவ்விரண்டும் இல்லாத வீட்டில், தியானக் கூட்டத்தில் கண்ணீர் வடித்துவிட்டு வந்த உற்சாகமும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்குவதில்லை.

இந்த அனுஷ்டானம் நம்மிடம் வந்து சேர்ந்த வழியை அறிந்துகொண்டால் அதன் அருமை இன்னும் நன்றாக விளங்கும். 1542-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், தமிழறிந்த சிலரைத் துணையாகக் கொண்டு, சிலுவை அடையாளத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் பரலோக மந்திரத்தையும் மங்கள வார்த்தை மந்திரத்தையும் பத்துக் கற்பனைகளையும் தமிழாக்கி, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அன்றன்று கற்றதை வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லித்தர வேண்டும் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு அவர் இட்ட கட்டளை. ஆகவே நம் கரையில் வீட்டுச் செபத்துக்கு முதல் ஆசிரியர்களாய் இருந்தவர்கள் சிறுவர் சிறுமியரே. 1578-இல் கொல்லத்தில் அண்ட்ரிக் அடிகளார் தமிழெழுத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். அதுவும் செபங்களையும் ஞானோபதேசத்தையும் வீட்டுக்கு வீடு கொண்டு சேர்ப்பதற்காக எழுந்ததே. பின்னர் வந்த வீரமாமுனிவர், உபதேசியார்களுக்கென்றே 'வேதியர் ஒழுக்கம்' இயற்றினார். குருவானவர் வருஷத்தில் ஒரு சில தடவையே வந்து போகக்கூடிய ஊர்கள் அக்காலத்தில் மிகுதியாக இருந்தன. அந்த ஊர்களில் பூசை இல்லாத மாதங்களைக் கடக்க உதவியவர்கள் உபதேசியாரும், அந்தி விளக்கின் முன் அமர்ந்த குடும்பங்களுமே. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றிய தன் சாசனத்தில் குடும்பத்தை ஓர் இல்லத் திருச்சபையாகக் கண்டு பேசியபோது, நம் முன்னோர் நெடுங்காலமாக வாழ்ந்து காட்டியதற்கே அது பெயரிட்டது என்று எனக்குத் தோன்றும்.

இனி நேரத்தைப் பற்றிப் பேசுவோம். ஐம்பத்து மூன்று மணி செபமாலையை அவசரமின்றிச் சொல்லி முடிக்க ஏறக்குறைய இருபது நிமிஷம் ஆகும். தேவமாதா பிரார்த்தனையும் சேர்ந்தால் இன்னும் ஐந்து நிமிஷம். இந்த இருபத்தைந்து நிமிஷத்தை நாளின் எந்த இடத்தில் வைப்பது என்பதை, வீட்டார் அனைவரும் கூடியிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மட்டும் வைக்க வேண்டாம். வயிறு நிறைந்தபின் பிள்ளைகள் மூன்றாவது பத்துமணியிலேயே சாய்ந்துவிடுவார்கள்; அவர்களை உலுக்கி எழுப்பி முழந்தாளிட வைக்கும் தாய்க்குக் கோபமும், பிள்ளைக்குச் செபத்தின்மேல் கசப்பும் மிஞ்சும். விளக்கேற்றும் நேரத்துக்கும் சோறு பரிமாறும் நேரத்துக்கும் இடைப்பட்ட பொழுதே மிகவும் அனுகூலமானது. நடுநிசிக்குப் பின் கடலுக்குப் புறப்பட வேண்டிய தகப்பனார் இருக்கும் கடற்கரை வீடுகளில், திரிகால மணி ஓய்ந்த கையோடு செபமாலையைத் தொடங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர் ஏழரைக்குச் சாப்பிட்டு எட்டுக்குப் படுத்துவிடுவார். ஆலையில் முறைவேலை செய்வோர் வீட்டில் வாரத்துக்கு வாரம் நேரம் மாறும்; அங்கே அடுப்படிச் சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில் அந்தந்த வாரத்தின் நேரத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். டியூஷன் முடிந்து எட்டு மணிக்கு வரும் பெரிய பிள்ளைக்காக எல்லாரும் காத்திருப்பது அன்பு. ஆனால் அவன் வரும்வரை செபமே தொடங்காது என்றால் பத்து நாளில் அந்த நியமம் குலைந்துபோகும். குறித்த நேரத்தில் இருக்கிறவர்கள் தொடங்க வேண்டும். வருகிறவர் கால் கழுவிக்கொண்டு வந்து, நடக்கும் மணியில் சேர்ந்துகொள்ள வேண்டும். தொலைக்காட்சியை நிறுத்துவதும், கைபேசிகளை வேறு அறையில் வைப்பதும் வீட்டுத் தலைவர் தாமே முதலில் செய்து காட்ட வேண்டிய காரியங்கள். தம் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்துகொண்டிருக்கும்போது மகனைக் கண்டிக்கும் தகப்பனின் பேச்சு எடுபடாது.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கு மேற்கு என்ற நியதி ஒன்றும் கிடையாது. எல்லாரும் கால் மடக்கி உட்கார இடமிருந்தால் போதும். இருதய ஆண்டவர் படம் ஒன்று, பாடுபட்ட சுரூபம் ஒன்று, மாதா சுரூபம் ஒன்று, அவற்றின் முன் ஒரு மெழுகுதிரி. சென்ற இடமெல்லாம் வாங்கிய படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூசி படிய விடுவதைக் காட்டிலும், மூன்றையே வைத்து வாரந்தோறும் துடைப்பது மேலான பக்தி. குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொண்டுவந்த ஓலைச் சிலுவையைப் படத்தின் பின்னால் செருகி வையுங்கள். மறுவருஷம் விபூதிப் புதனுக்கு முன்னால் கோவிலில் கேட்கும்போது அதைத் திருப்பிக் கொடுங்கள். அந்த ஓலைகளைச் சுட்ட சாம்பல்தான் நம் நெற்றியில் பூசப்படுகிறது. உடைந்த சுரூபத்தையும் கிழிந்த மந்திரித்த படத்தையும் குப்பையில் போடலாகாது. எரியக்கூடியதை எரித்துவிட்டு, எரியாததை மண்ணில் புதைப்பதே முறை.

பங்கு பிரிப்பதே இந்த அதிகாரத்தின் உயிர் என்பேன். செபமாலையின் அமைப்பே அதற்கு இடம் கொடுப்பதாக இருக்கிறது. தொடக்கத்தில் விசுவாசப் பிரமாணமும் ஒரு பரலோக மந்திரமும் மூன்று மங்கள வார்த்தையும். பிறகு ஐந்து பத்துமணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேவ இரகசியம். முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்கிறார்கள். எனவே வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஆளுக்கொரு பத்துமணி. மூவர் இருந்தால் இருவருக்கு இரண்டிரண்டு. எழுத்து வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தந்த நாளின் தேவ இரகசியங்களை அறிவிக்கும் வேலையைக் கொடுங்கள். திங்களும் சனியும் சந்தோஷ தேவ இரகசியங்கள், செவ்வாயும் வெள்ளியும் துக்க தேவ இரகசியங்கள், புதனும் ஞாயிறும் மகிமை தேவ இரகசியங்கள். வியாழனுக்கு, 2002-இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் சேர்த்துத் தந்த ஒளியின் தேவ இரகசியங்கள். ஏழு வயதுச் சிறுமி, இன்று என்ன கிழமை என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்து, சரியானதைக் கண்டுபிடித்து அறிவிக்கும்போது அவள் முகத்தில் தோன்றும் பெருமிதத்தைப் பாருங்கள். அந்தப் பொறுப்பை அவளிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. மூன்று வயதுப் பிள்ளைக்கு மெழுகுதிரியை ஊதி அணைக்கும் பங்கு. அது கடைசியில்தான் வரும் என்பதால், அதற்காகவே அவன் கடைசி வரை உட்கார்ந்திருப்பான்.

பிள்ளை நெளிவதையும் பூனையைப் பார்த்துச் சிரிப்பதையும் கண்டு மனம் நொந்து, செபத்தை நடுவில் நிறுத்திக் கண்டிக்கிற பெற்றோர் பலர். ஒரு பத்துமணிவரை மடியில் வைத்திருந்து, பிறகு அவனைப் பக்கத்தில் விளையாட விட்டுவிடலாம். அவன் காது அங்கேயேதான் இருக்கிறது. யாரும் உட்கார வைத்துக் கற்பிக்காமலே நான்கு வயதுப் பிள்ளை ஒருநாள் மங்கள வார்த்தை மந்திரத்தின் பின்பாதியை முழுவதும் சொல்வதைக் கேட்டு வீடே வியந்து நிற்பது, செபமாலை நடக்கும் வீடுகளில் சாதாரணமாக நிகழ்வது. சின்னக் குறிப்பிடத்தை மனனம் செய்து வளர்ந்த நம் தலைமுறையும் முதலில் செவிவழியாகக் கற்றதே.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பாதி முடியுமுன்னே பின்பாதி தொடங்கி, இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளுமாறு ஓடுகிற செபமாலையைப் பல வீடுகளில் கேட்கிறோம். நேரம் இல்லாத நாளில் ஐந்து பத்துமணியையும் ஓட்டமாக ஓடி முடிப்பதைவிட, ஒரே ஒரு பத்துமணியை நிறுத்தி நிதானமாகச் சொல்வதே உத்தமம். அந்த ஒரு பத்துமணி குறித்த நேரத்தில் நடந்தாலே நியமம் முறிந்ததாகாது. பரீட்சைக் காலத்திலும், கல்யாண வீட்டு அலைச்சலிலும், மழைக்காலத்து மின்வெட்டு இருட்டிலும் இவ்வாறு சுருக்கிக்கொள்ளலாம்; விட்டுவிட மட்டும் கூடாது.

இன்னொரு சங்கடம் உண்டு. அதை வெளிப்படையாகப் பேசுவோர் குறைவு. பாட்டி 'சர்வேசுரன்' என்பார், பேத்தி 'கடவுள்' என்பாள். அவருக்கு 'சேசு', இவளுக்கு 'இயேசு'. அவர் 'இஸ்பிரீத்து சாந்து' என்று கற்றவர், இவள் மறைக்கல்விப் புத்தகத்தில் 'தூய ஆவி' என்று படித்தவள். திருவழிபாடு தமிழுக்கு மாறி, செபங்களின் நடையும் காலத்துக்குத் தக்கவாறு திருத்தப்பட்டபின், ஒரே வீட்டில் இரண்டு தலைமுறைகள் இரண்டு சொல்நடையில் செபிக்கின்றன. எண்பது வயதில் நாக்கில் ஊறிப்போன சொல்லை மாற்றச் சொல்வது கொடுமை. பள்ளியிலும் கோவிலிலும் கற்றதைப் பிள்ளை மறக்க வேண்டும் என்பதும் நியாயமன்று. ஒரு வீட்டில் அழகான வழி கண்டிருந்தார்கள்: பாட்டி முன்பாதி சொல்லும் பத்துமணியில் எல்லாரும் பழைய நடையில் பின்பாதி சொல்வார்கள், பேத்தி சொல்லும் பத்துமணியில் பாட்டியும் புதிய நடையில் தட்டுத்தடுமாறிச் சேர்ந்துகொள்வார். அந்தப் பிள்ளைக்கு இரண்டு தமிழும் வாய்த்தது. பழைய செபங்களின் சொற்களை நான் நேசிப்பவன். அவை நம் முன்னோர் பட்ட பாட்டின் ஈரம் உலராதவை என்று நம்புகிறவன். ஆயினும் செபத்தில் ஒற்றுமையே பிரதானம். சொல் அதற்கு அடுத்ததுதான்.

செபம் முடிந்ததும் பிள்ளைகள் வரிசையாக வந்து பெரியவர்களுக்கு ஸ்தோத்திரம் சொல்வதும், பெரியவர்கள் அவர்கள் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைந்து ஆசீர்வதிப்பதுமாகிய வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடாதீர்கள். அன்று பகலில் அடி வாங்கிய பிள்ளையும் அந்த நேரத்தில் தகப்பன் முன் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அடித்த கையே நெற்றியைத் தொட வேண்டியிருக்கிறது. கணவன் மனைவி முகம் கொடுத்துப் பேசாத நாளிலும், ஒருவர் சொன்ன முன்பாதிக்கு மற்றவர் பின்பாதி சொல்லியே ஆக வேண்டும். இவ்வாறு ஐம்பது தடவை மறுமொழி சொல்லியானபின், அடுக்களையில் முதல் வார்த்தை பேசுவது அவ்வளவு கடினமாக இருப்பதில்லை.

வீட்டின் செபம் பங்குக் கோவிலோடு ஒட்டியிருக்க வேண்டும். மார்ச்சு மாதம் சூசையப்பருக்கு, மே மாதம் மாதாவுக்கு, ஜூன் இருதய ஆண்டவருக்கு, அக்டோபர் செபமாலை மாதாவுக்கு என்று கோவிலில் நடக்கும் வணக்க மாதங்களை வீட்டிலும் ஒரு சிறு செபத்தால் அனுசரியுங்கள். சனிக்கிழமை இரவு, மறுநாள் பூசையில் வாசிக்கப்போகும் சுவிசேஷத்தைப் பொது மொழிபெயர்ப்பு விவிலியத்திலிருந்து ஒருவர் வாசித்தால், ஞாயிறன்று பிள்ளைகள் அதை அடையாளம் கண்டு நிமிர்ந்து உட்காருவார்கள். காணிக்கைப் பணத்தை அவர்கள் கையில் அன்றிரவே கொடுத்துவைப்பதும் நலம். விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தியும் சுத்தபோசனமும் அனுசரிக்க வேண்டிய நாட்கள். பதினெட்டு வயது நிறைந்தவர் முதல் அறுபதாம் வயது தொடங்கும்வரை உள்ளவர்களுக்கு ஒருசந்திக் கடமை. பதினான்கு வயது நிறைந்தவர்கள் எல்லாருக்கும் சுத்தபோசனம். நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விலக்கு உண்டு. அன்பியக் கூட்டம் உங்கள் வீட்டுக்கு வரும் முறையில் தேநீர் பலகாரத்துக்காகக் கடன்பட வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாய் விரித்து விளக்கேற்றினால் போதும்.

நோயாளி உள்ள வீட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இதில்தான் நம்மவர் அதிகமாகத் தவறுகிறார்கள். நோயில் பூசுதல் என்னும் தேவதிரவிய அநுமானத்தை அக்காலத்தில் அவஸ்தை பூசுதல் என்று அழைத்ததால், குருவானவர் எண்ணெயோடு வந்தாலே மரணம் வந்துவிட்டது என்னும் பயம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. நோயாளிக்கு அச்சம் உண்டாகும் என்று தள்ளிப்போட்டு, நினைவு தப்பியபின் நள்ளிரவில் ஓடுகிறார்கள். யாக்கோபு திருமுகத்தின் 5-ஆம் அதிகாரம், வியாதிக்காரர் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்ற கருத்தில்தானே சொல்கிறது! கடும் நோயோ முதுமைத் தளர்ச்சியோ ஆபத்தான நிலையை எட்டத் தொடங்கும்போதே அழைக்கலாம். பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் அழைக்கலாம். நோய் நீங்கி மீண்டும் வந்தாலோ, அதே நோய் இன்னும் முற்றினாலோ, மறுபடியும் பெறலாம். நினைவோடிருக்கும்போது பெற்றால்தான் அவர் பாவசங்கீர்த்தனம் செய்யவும், வாய்திறந்து ஆமென் சொல்லவும் இயலும்.

குருவானவர் திவ்ய நற்கருணையோடு வரும் நாளில் செய்ய வேண்டியவை: படுக்கைக்கு அருகில் ஒரு சிறு மேசை வைத்து, அதன்மேல் சலவை செய்த வெள்ளைத் துணி விரித்து, நடுவில் பாடுபட்ட சுரூபத்தையும் இரு பக்கத்திலும் மெழுகுதிரிகளையும் வையுங்கள். தீர்த்தம் ஒரு சிமிழில். குடிதண்ணீர் ஒரு தம்ளரில். ஒரு சிறு கரண்டி. பூசிய எண்ணெயைத் துடைக்கக் கொஞ்சம் பஞ்சு. கை கழுவத் தண்ணீரும் ஒரு துவாலையும். நோயாளியின் முகம் கழுவி, தலைவாரி, உடை மாற்றி வையுங்கள். பல நாள் படுத்திருப்பவருக்கு அதுவே பாதி ஆறுதல். வீட்டில் ஒருவர் ஏற்றிய மெழுகுதிரியோடு வாசலில் காத்திருந்து, பேச்சின்றி முன்னே நடந்து உள்ளே அழைத்து வர வேண்டும். அவர் ஏந்தி வருவது ஆண்டவரை என்பதால், வாசலில் குசலம் விசாரிப்பதும், உட்கார்ந்ததும் காப்பி நீட்டுவதும் அந்தச் சமயத்துக்குப் பொருந்தாது. இன்னும் நாலு வீட்டு நோயாளிகளுக்கு நற்கருணை அவர் கையில் இருக்கக்கூடும். பாவசங்கீர்த்தனத்துக்காக மற்றவர்கள் அறையைவிட்டு வெளியே வந்து, சத்தம் கேளாத தூரத்தில் நின்று, அழைத்தபின் திரும்ப வர வேண்டும். விழுங்கச் சிரமப்படும் நோயாளியானால் முன்கூட்டியே குருவானவரிடம் சொல்லுங்கள். அப்பத்தில் ஒரு சிறு துணுக்கே போதும், கரண்டித் தண்ணீரோடு கொடுக்கலாம். நற்கருணை வாங்குமுன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும் என்ற விதி நோயாளிகளையும் முதியோரையும் அவர்களைப் பராமரிப்போரையும் கட்டுப்படுத்தாது. ஆகவே கஞ்சி குடித்துவிட்டார் என்று சொல்லி வந்த குருவானவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

படுக்கையில் கிடப்பவருக்கும் அந்திச் செபத்தில் பங்கு கொடுங்கள். எழ முடியாதவரானால் எல்லாரும் அவர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து செபமாலை சொல்லுங்கள். குரல் அடங்கியவரானால் மாலையை அவர் விரல்களில் சுற்றி வைத்து, மற்றவர்கள் சொல்லச் சொல்ல அவர் மணியை உருட்டட்டும். என் ஆச்சிக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம். அவர் செபமாலையில் நாலாவது பத்துமணியில் ஒரு மணி எப்போதோ உதிர்ந்துபோய், அந்த இடத்தில் கறுப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். புதிய மாலை வாங்கித் தந்தும் அதை மாற்றவில்லை. கடைசி நாட்களில் கண் தெரியாதபோதும், அந்த முடிச்சில் விரல் பட்டதும், நாலாம் பத்துமணிக்கு வந்துவிட்டோம் என்று தலையசைப்பார்.

அந்த ஆச்சிக்கு இன்னொரு பங்கும் இருந்தது. தேவமாதா பிரார்த்தனை முடிந்து மெழுகுதிரியை அணைக்குமுன், உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்வதற்கு முன்னால், அவர் கண்களை மூடிக்கொண்டு எங்கள் குடும்பத்தில் மரித்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். கடலில் போனவர், பிரசவத்தில் போனவர், காலராவில் ஒரே வாரத்தில் போன மூன்று பிள்ளைகள், ஞானஸ்நானம் பெற்ற அன்றே போன சிசு என்று முப்பதுக்கு மேற்பட்ட பெயர்கள். ஒரு நாளும் வரிசை தப்பாது. எந்தப் பெயருக்கு எந்த மாதத்தில் பூசைக்குக் கொடுக்க வேண்டும் என்பதும், யார் எந்த ஊர்க் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றவர் என்பதும் அவருக்கு அத்துபடி. பசியோடு காத்திருக்கும் பிள்ளைகளான எங்களுக்கு அது நீண்ட பட்டியலாகத் தோன்றும். அவர் இறந்து, மண்போட்டு வந்த அன்று இரவு, வழக்கம்போல் செபமாலை முடிந்ததும் அந்த இடம் வந்தது. என் தகப்பனார் ஆச்சியின் பெயரை முதலில் சொல்லிவிட்டு, அடுத்தடுத்துச் சொல்ல முயன்றார். பதினொரு பெயருக்கு மேல் அவராலும் முடியவில்லை, அம்மாவாலும் முடியவில்லை, ஆளுக்கொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தும் பதினேழுக்கு மேல் எட்டவில்லை. இருபது வருஷம் தினந்தோறும் கேட்ட பெயர்கள். எங்களில் ஒருவரும் ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதி வைத்திருக்கவில்லை.

பங்குக் கோவிலில் ஞானஸ்நானப் புத்தகம், திருமணப் புத்தகம், மரணப் புத்தகம் ஆகியவை இருக்கின்றன. ஆனால் எந்த ஊர்ப் புத்தகத்தில், எந்த வருஷத்தில் தேட வேண்டும் என்பது தெரிந்தால்தான் அவை வாய் திறக்கும். திருமணத்துக்கு ஓலை வாசிக்குமுன் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கப்படும்போது, ஞானஸ்நானம் நடந்த கோவில் எதுவென்று தெரியாமல் மூன்று பங்குகளுக்கு அலைந்த குடும்பங்களை நான் அறிவேன். ஆகையால் வீட்டுச் செபப்புத்தகத்தின் கடைசி வெற்றுத் தாள்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற தேதியும் கோவிலும், ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயர், புதுநன்மை வாங்கிய நாள், திருமணம் நடந்த நாளும் கோவிலும். மரித்தவர்களுக்கு மரித்த தேதியும், அடக்கம் செய்த இடமும். நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்குப் போகுமுன் ஒரு முறை அதைச் சத்தமாக வாசியுங்கள். அந்தந்த நினைவு நாள் வரும்போது, அந்திச் செபத்தின் முடிவில் அந்தப் பெயரை ஒரு பிள்ளை வாசிக்கட்டும்.

இதை எழுதும் வேலையைத் திருநாள் முடியட்டும், விடுமுறை வரட்டும் என்று தள்ளிவைக்க வேண்டாம். உங்கள் வீட்டில் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்த ஒருவர் இருந்தால், இன்று அந்தி மணி அடித்ததும் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.